பதினொன்று திறந்து பத்து அடைத்தவர்

எனக்கு எண்பத்தாறு வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஏழும் இருக்கிறதுகள், நல்லபடியாக இருக்கிறதுகள், ஒன்றும் அடுத்தவன் வாசலில் போய்க் கை நீட்டி நின்றதில்லை. இதை முதலிலேயே எழுதி வைத்துவிடுகிறேன். பின்னால் வருவதை வாசித்துவிட்டு யாரும் என்னை லேசாக எடைபோட்டுவிடக் கூடாது பாருங்கள்.

வளர்த்தது ஏழு. பெற்றது எட்டு. நாலாவது பையன் ஒன்றரை வயதில் போனான். அவன் போனதற்கும், எங்கள் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் திறந்துவிட வந்த மனுஷருக்கும் சம்பந்தம் உண்டா, இல்லை எனக்கும் அதற்கும்தான் சம்பந்தமா என்று அறுபது வருஷமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவசரம் ஒன்றும் இல்லை. அதனால் மெதுவாகவே எழுதுகிறேன்.

அந்த மனுஷருக்குப் பேர் உண்டு. எழுத மாட்டேன். பேர் எழுதினால் அது மனு மாதிரி ஆகிவிடும். அவர் பேர் போட்ட மனுவில் ஒரு தடவை கையெழுத்துப் போட்டவள் நான். ஒரு தடவை போதும்.

கோட்டாறில் பிறந்து, மூன்றாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை நிறுத்தி, பதினைந்து வயதில் திருவனந்தபுரத்துக்கு வாக்கப்பட்டு வந்தவள் நான். அத்தானுக்குச் சாலைக் கடைத்தெருவில் வத்தல், மல்லி மொத்த வியாபாரம். வீடு, கடைத்தெருவுக்குப் பின்னால் சரிந்து இறங்குகிற ஒரு தெருவில். மேல்தலையில் பிள்ளையார் கோயில். கீழ்த்தலையில் ஒரு காப்பிக் கடை, அதை ஒட்டிச் சாக்கடை ஓடை. நடுவில் எங்கள் வீடு. எங்கள் வாசலுக்கு நேரே தெருக்குழாய்.

விடிகாலை, காக்காய் வாய் திறக்கிறதுக்கு முன்னால் அவர் வந்துவிடுவார். காக்கிச் சட்டை, மடித்துக் கட்டின முண்டு, தோளில் ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புச் சாவி. மேலே குறுக்காக ஒரு கம்பி, கீழே சதுரமாக ஒரு வாய். கோயில் முன்னால் ரோட்டில் ஒரு இரும்பு மூடி இருக்கும். அதைக் காலால் ரெண்டு தட்டுத் தட்டுவார். உள்ளே தேரை இருந்தால் நகர்ந்து உட்காரட்டும் என்று. பிறகு மூடியைத் தூக்கிவிட்டு, சாவியைக் குழிக்குள் இறக்கி, செக்கு மாடு மாதிரி அதைச் சுற்றிச் சுற்றி வருவார். சுற்றி முடித்ததும் குனிந்து, குறுக்குக் கம்பியில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். வைத்தியர் நாடி பிடிக்கிற மாதிரி இருக்கும்.

என் மாமியார் ஒரு நாள் கோலம் போடுகிற சாக்கில் மேல்தலை வரை போய்க் கேட்டுவிட்டார்.

"அப்படி என்னத்த கேக்கியரு அண்ணாச்சி?"

"வெள்ளம் பேசும், அம்மே."

"என்ன பேசுது?"

"அது ஆபீசிலாக்கும் சொல்லணும்."

அவ்வளவுதான். சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். அவர் பாறசாலைப் பக்கம். அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தமிழ் பாதி, மலையாளம் பாதி. தண்ணீரை வெள்ளம் என்பார்கள். பேச்சு அப்படிக் கலந்து இருந்ததே தவிர, இவரிடம் பேச்சே குறைச்சல். எதைக் கேட்டாலும் ஆபீசு. நாளைக்குத் தண்ணீர் வருமா? ஆபீசில் அறியும். ஏன் நேற்றுக் கலங்கி வந்தது? ஆபீசில் எழுதிக் கொடுத்திருக்கு. மழை வருமா என்று ஒருத்தி கேலிக்குக் கேட்டதற்கு, அது வேறே டிப்பார்ட்மென்ட் என்று சிரிக்காமல் சொன்னாராம். காப்பிக் கடைச் சாமி அவரைப் பார்த்தால் விட மாட்டார். "ஓய், ஆத்துல இன்னிக்கு என்ன கறின்னாவது உமக்குத் தெரியுமா, அதுவும் ஃபைல்ல பார்த்துத்தான் சொல்லணுமா?" என்பார். இவர் உதட்டோரம் சிரிப்பார். நடந்துவிடுவார்.

எங்களுக்கு அந்தக் குழாய் மேலேயே முதலில் நம்பிக்கை இல்லை. பிள்ளையார் கோயில் கிணறு இருந்த காலத்தில் கயிறு எங்களுடையது, வாளி எங்களுடையது. குழாய் போட்டு நாலைந்து வருஷம் கழித்து ஒரு நாள் சர்க்கார் ஆட்கள் வந்து கிணற்றுக்குள் வெள்ளைப் பொடியைக் கொட்டினார்கள். அடுத்த மாசம் வந்து, நகரத்துக்குள் கிணறு இனி வேண்டாம், கொசு உற்பத்தியாகிறது என்று கல் பாவி மூடிவிட்டார்கள். மாமியார் அன்றைக்குச் சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம். "சும்மா தர்றவன் எடுக்கத்தான் தருவான். கெணத்த எடுத்துட்டான் பாத்தியா. இனி நம்ம தொண்டை அவன் கையில."

பேச்சுக்குச் சொன்னதில்லை அது. மகாராஜா காலத்தில் போட்ட குழாய். பிறகு ராஜா போய் மந்திரி வந்தார். திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாயிற்று. மந்திரிகள் மாறி மாறி வந்தார்கள். ஆபீசு வாசலில் பலகை மாறிக்கொண்டே இருந்தது. தெருவுக்குள் வந்து நின்ற சர்க்கார் என்னவோ இந்த ஒரு மனுஷர்தான். அதே காக்கி, அதே சாவி. அதனால் எங்கள் சந்தேகம் எல்லாம் அவர் மேலேயே போய் விழுந்தது. வேறு யார் மேல் விழும்? மற்றவர்கள் முகத்தை நாங்கள் பார்த்ததே இல்லை.

அவர் எப்பேர்ப்பட்ட வாய்ப்பூட்டு என்பதற்கு ஒன்று சொல்கிறேன். ஒரு தடவை எங்கள் தெருக்குழாயின் பித்தளைத் திருகை யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். கீரைக்காரி ஒருத்தி தினமும் குழாயடியில் கீரை அலசுவாள். அவள்தான் எடுத்தாள் என்று தெரு முடிவுகட்டிவிட்டது. மூன்று நாள் அவளைப் பேசாத பேச்சில்லை. நானும்தான் பேசினேன். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு மண்ணை வாரி விட்டு அழுதாள். இவர் அந்த வழியாகத்தான் சாவியோடு போனார். பார்த்தார். போய்விட்டார். நாலாம் நாள் போலீஸ்காரன் வந்து மேல்தலையில் குடியிருந்த ஒருத்தனைப் பிடித்துக்கொண்டு போனான். திருகு அவன் வீட்டுப் பரணில் இருந்தது. இவர் அவன் கழற்றுவதைக் கண்ணால் பார்த்து, அன்றைக்கே ஆபீசில் எழுதிக் கொடுத்திருக்கிறார். கீரைக்காரிக்கு ஒரு வார்த்தை சொல்லி இருக்கலாமே என்று மாமியார் கேட்டதற்கு, "ஆபீசிலெ சொன்னது தெருவிலெ சொல்லிக்கூடா, அம்மே" என்றார்.

அதற்குப் பிறகு எனக்கு அவரைப் பார்த்தால் ஒரு மாதிரி. கெட்டவர் என்று சொல்ல முடியவில்லை. நல்லவர் என்றும் மனம் ஒப்பவில்லை. தெரிந்துகொண்டே சும்மா போகிற மனுஷர் இன்னும் என்னவெல்லாம் தெரிந்து வைத்திருக்கிறாரோ என்று பயமாக இருந்தது.

இன்னொரு சங்கதி. அவர் எங்கள் குழாய்த் தண்ணீரைக் குடிக்க மாட்டார். மேடம் மாசத்து வெயிலில், நம்ம சித்திரைதான், ஒரு நாள் வாசலில் வந்து நின்று குடிக்கக் கேட்டார். செம்பு நிறையப் பச்சைத் தண்ணீர் கொண்டு போனேன். கையை நீட்டவே இல்லை. "சூடு வெள்ளம் உண்டோ, மோளே?" என்றார். மலையாளத்தார் சீரகம் போட்டுக் கொதிக்க வைத்த தண்ணீர்தான் குடிப்பார்கள். எங்களுக்கு அது ஒரு கேலி. எங்கள் ஊரில் காய்ச்சல்காரனுக்குத்தான் சுடுதண்ணீர். பித்தளைக் குடத்தில் பிடித்து வைத்த பச்சைத் தண்ணீரைக் கடகடவென்று குடித்தால்தான் கோட்டாற்று ஆள். நான் சுடுதண்ணீர் இல்லை என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, கீழே காப்பிக் கடைக்குப் போய் ஆவி பறக்க ஒரு காப்பி குடித்தார். நம்ம வீட்டுச் செம்பு அவருக்கு ஆகாதாக்கும் என்று மாமியார் இரண்டு நாள் முணுமுணுத்தார்.

சரி, இனி என் பங்குக்கு வருகிறேன்.

நாலாவது பையன் அப்போது தத்தித் தத்தி நடக்கிற பருவம். குழாயடிதான் அவனுக்கு உலகம். ஒரு நாள் மத்தியானம், காலையில் பிடித்து வைத்த தண்ணீரில் நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். குழாய் வாயில் ஒன்றிரண்டு சொட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. பையன் வாயை அண்ணாந்து வைத்துக்கொண்டு நின்றான். இவர் எங்கிருந்தோ வந்தார். குழாய் வாயைக் கையால் பொத்தினார். பையனைத் தூக்கி அப்பால் நிறுத்தினார். என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். நானும் ஒன்று சொன்னேன். அதைப் பிறகு எழுதுகிறேன். என் பிள்ளை வாய்க்குப் போகிற தண்ணீரைத் தட்டிவிட்ட கை அது என்பதுதான் எனக்கு அன்றைக்குத் தெரிந்தது.

மறுநாளிலிருந்து நான் எண்ண ஆரம்பித்தேன்.

எனக்கு எழுத்துதான் தகராறு, எண்ணிக்கை தகராறு இல்லை. விடிகாலை கோயிலுக்குப் போகிறவள் மாதிரி மேல்தலையில் நின்று, அவர் சாவியைச் சுற்றி வருவதை மனசுக்குள் எண்ணினேன். முதலில் இறுக்கிப் பார்க்கிற மாதிரி எதிர்ப்பக்கமாக ஒரு சுற்று வருவார், அதை விட்டுவிட்டுத் திறக்கிற சுற்றை மட்டும் எண்ணினேன். பதினொன்று. எட்டு மணிக்கு அடைக்க வருவார். அதையும் எண்ணினேன். பத்து. நமக்குத்தான் தப்பியிருக்கும் என்று மறுநாள் எண்ணினேன். பதினொன்று திறந்தார், பத்து அடைத்தார். பதினைந்து நாள் எண்ணினேன். ஒரு நாள்கூட மாறவில்லை. ஒரு சுற்றை அவர் தினமும் விட்டுவிட்டுப் போகிறார்.

அந்த ஒரு சுற்றுத் தண்ணீர் எங்கே போகிறது? எங்கள் குழாயில் பகல் பூராவும் சொட்டுக்கு மேல் வராது. கீழ்த்தலைக் காப்பிக் கடையின் பின்கட்டுக் குழாயில் மட்டும் விரல் கனத்துக்கு நாள் முழுக்க ஒழுகிக்கொண்டே இருக்கும். அவர்கள் அண்டா அண்டாவாகப் பிடித்துக்கொள்வார்கள். இது தெருவுக்கே தெரிந்த விஷயம், காரணம்தான் தெரியாமல் இருந்தது. அதோடு, அடைத்துவிட்டுப் போகிற வழியில் இவர் கையில் சாமி இலையில் கட்டின பொட்டலம் ஒன்று கொடுப்பதை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

பிறகு கேட்கவா வேண்டும்? நான் சொன்னதும் தெரு திரண்டுவிட்டது. கோயில் நடையில் கூடினார்கள். எதிர்வீட்டு வக்கீல் குமாஸ்தா மனு எழுதினார். அத்தான் மட்டும் சுணங்கினார். "ஏட்டி, ஒரு நேரம் அவருகிட்டயே கேட்டுப் பாப்போமா?" என்றார். கேட்டால் என்ன சொல்வார், ஆபீசில் அறியும் என்பார் என்றேன். நடையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆண்கள் கையெழுத்துப் போட்டு முடித்ததும் குமாஸ்தா, எண்ணினது நீங்கள், நீங்களும் போட வேண்டும் என்றார். மற்றப் பெண்கள் பெருவிரலை மையில் தோய்த்தபோது நான் பேனாவை வாங்கி என் பேரை எழுதினேன். என் வாழ்க்கையில் முதல் கையெழுத்து அதுதான். எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது, கோணாமல் நின்றது.

பத்து நாள் கழித்து ஜீப்பில் ஒரு ஆபீசர் வந்தார். நட்டநடு மத்தியானம். வேறொரு ஆளை விட்டுச் சாவி போட்டுப் பார்க்கச் சொன்னார். அடைத்திருக்க வேண்டிய நேரத்தில் ஒரு சுற்றுத் திறந்துதான் இருந்தது. தெருவே கூடி நின்றது. நான் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னாலேயே நின்றேன். ஆபீசர் இவரைப் பார்த்து, இது என்ன என்றார்.

இவர் எங்களைப் பார்த்தார். ஆபீசரைப் பார்த்தார். என் இடுப்பில் இருந்த பையனைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தப்பு பற்றிப்போயி, சாரே," என்றார்.

ஆபீசர் கோபப்படவில்லை. அதை அன்றைக்கே நான் கவனித்தேன். கோபப்பட வேண்டிய மனுஷர், மூச்சை இறக்கி விட்ட மாதிரி இருந்தார். நல்லது, அடை என்றார். இவர் சாவியை வாங்கி அந்த ஒரு சுற்றைத் தன் கையாலேயே அடைத்தார். காதை வைத்துக் கேட்டார். பிறகு அந்தத் தெருவுக்கு அவர் வரவில்லை. எங்கேயோ மாற்றிவிட்டார்கள் என்று சொன்னார்கள்.

புதிதாக வந்தவன் கலகலப்பான ஆள். ஊர்க்கதை எல்லாம் சொல்லுவான். பதினொன்று திறந்தான், பதினொன்று அடைத்தான். நான் ஒரு வாரம் எண்ணிப் பார்த்துத் திருப்தி ஆனேன். காப்பிக் கடைக் குழாய் பகலில் நின்றுபோயிற்று. சாமி தண்ணீர்க்காரி வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அத்தான் சாலையிலிருந்து அல்வா வாங்கிவந்தார். நான் தெருவில் நடந்தால் வக்கீல் குமாஸ்தாவே எழுந்து நின்று நாலு வார்த்தை பேசுவார்.

வைகாசி நடுவில் இடவப்பாதி மழை பிடித்தது. ஓடை பொங்கிக் காப்பிக் கடை வாசல் வரை வந்தது. கீழ்த்தலை வீடுகளில்தான் முதலில் வாந்தியும் பேதியும். பிறகு மேலே ஏறி வந்தது. பையனுக்கு முதல் நாள் கண் உள்ளே போயிற்று. இரண்டாம் நாள் பெரியாஸ்பத்திரி. மூன்றாம் நாள் நான் வெறும் இடுப்போடு வீட்டுக்கு நடந்து வந்தேன். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு எழுத்துப் போதாது.

தெருவில் நாங்கள் மட்டும் இல்லை, இன்னும் இரண்டு வீட்டில் இழவு. அதற்கப்புறம் சர்க்காருக்குக் கண் திறந்தது. ஊசி போட வந்தார்கள், பொடி தூவ வந்தார்கள். மழை விட்டதும் ரோட்டை வெட்ட ஆட்கள் வந்தார்கள். பழைய குழாயை எடுத்துவிட்டுப் புதுசு போடப் போகிறோம் என்றார்கள்.

வெட்டின மேஸ்திரி திருநெல்வேலிக்காரர். நான் வாசலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அப்போது வேறு வேலை ஓடவில்லை. காப்பிக் கடைக்குப் பக்கத்தில் வெட்டும்போது அவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். குழாய் சாக்கடைக்குள்ளேயே புதைந்து கிடந்தது. மூட்டு விட்டு, பெருவிரல் நுழைகிற மாதிரி வாய் பிளந்திருந்தது. நேற்று இன்றைக்கு விட்ட மூட்டு இல்லை, பல வருஷத்துத் துரு என்றார். அப்படியானால் முன்னாலேயே எல்லோருக்கும் நோவு வந்திருக்க வேண்டுமே என்று கேட்டேன்.

அவர் கையை மண்ணில் துடைத்துக்கொண்டு சொன்னார். "குழாய்க்குள்ள தண்ணி இருக்கவரைக்கும் ஓட்டை வழியா வெளியதான் தள்ளும், தாயி. சுத்தமா அடைச்சு வெறுங்குழாயாப் போச்சுன்னா வெளிய கெடக்கதை உள்ள உறிஞ்சும். காலையில தொறந்ததும் அதுதான் மொதல்ல உங்க கொடத்துக்கு வரும்."

"ஒரு சுத்து அடைக்காம விட்டா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அது வெவரம் தெரிஞ்சவன் செய்யுத காரியம். சட்டத்துல கெடையாது. ஒங்களுக்கு யார் சொன்னா?"

யாரும் சொல்லவில்லை என்றேன். அது உண்மைதானே.

அதற்கப்புறம் அவரை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன். மொழி பார்த்து நாட்டைப் பிரித்த வருஷம். என் பிறந்த வீடு வேறு ராஜ்யத்துக்குப் போய்விட்டது என்று அழுதுகொண்டிருந்த தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கப் போயிருந்தேன். அங்கே உடைக்கிற இடத்தில் இவர் நின்றார். காக்கி இல்லை. சாவி சுமந்த தோள் மட்டும் ஒரு பக்கம் இறங்கியே இருந்தது. என்னைக் கண்டதும் ஒதுங்கப் பார்த்தார். நான் வழியை மறித்து நின்றேன். தங்கச்சியைத் தள்ளிப் போய் நிற்கச் சொன்னேன்.

"குழாய் விட்டுப்போனது உமக்குத் தெரியுமா தெரியாதா?"

"அறியும்."

"ஏன் சொல்லல?"

"மூணு பிராவசியம் எழுதிக் கொடுத்தேன், மோளே. ஆபீசிலெ."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

அவர் தேங்காய்ச் சில்லு ஒன்றைக் காலால் ஓரமாகத் தள்ளினார். அங்கே தெறித்துக் கிடந்ததையெல்லாம் தள்ளித் தீர்த்துவிட்டுத்தான் பேசுவார் போலிருந்தது. பிறகு மெதுவாகச் சொன்னார். புதுக் குழாய்க்கு ஆபீசில் பணத்துக்கு வகை இல்லை, காத்திரு என்றார்களாம். தெருவில் சொன்னால் நீங்கள் எல்லாம் ஆபீசு முன்னால் வந்து நிற்பீர்கள். அவர்கள் ஆபத்து என்று எழுதிக் குழாயைப் பூட்டிவிடுவார்கள். கிணற்றையும் மூடியாயிற்று. பிறகு நீங்கள் எதைக் குடிப்பீர்கள்? அதனால்தான் ஒரு சுற்று விட்டேன் என்றார்.

அந்த மத்தியானம் ஆபீசர் கேட்டபோதாவது வாயைத் திறந்திருக்கலாமே என்றேன். ஆபீசருக்குத் தெரியாதது இல்லை என்றார். அவர் மேசையில்தான் அந்த மூன்று காகிதமும் இருந்ததாம். ஆபீசு குற்றத்தைத் தெருவில் வைத்து நான் சொல்லலாமா என்று என்னிடமே கேட்டார்.

"அந்தக் காப்பிக் கடைப் பொட்டலம்?" என்றேன்.

அவர் மடித்துக் கட்டின முண்டை இறக்கி விட்டுக்கொண்டார். ஆபீசு என்றுகூடச் சொல்லவில்லை.

நான் அழுதேனா என்று ஞாபகம் இல்லை. குரல் உயர்ந்திருக்கும்போல, இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் பிள்ளை இருந்திருப்பானே என்றேன். அப்போது அவர் முதல் தடவையாக என் முகத்தை நேரே பார்த்தார்.

"நிங்கள்கிட்டே சொன்னேனல்லோ, மோளே."

சொன்னார். முன்னால் எழுதாமல் விட்டேனே, அதுதான். மறந்து விடவில்லை, வேண்டுமென்றே விட்டேன். அன்றைக்குக் குழாய் வாயைப் பொத்திப் பிள்ளையை அப்பால் நிறுத்திவிட்டு அவர் என்னைப் பார்த்துச் சொன்னது இதுதான்: "குஞ்ஞுக்குப் பச்சை வெள்ளம் கொடுக்கண்டா. சூடாக்கிக் கொடு." தெருவில் வேறு யாரிடமும் அவர் அப்படி ஒன்று சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. நான் சொன்ன பதிலையும் எழுதிவிடுகிறேன். "கோட்டாத்துப் பிள்ளைக்குப் பச்சத் தண்ணி ஒத்துக்கிடும். நீரு உம்ம சாவியப் பாத்துக்கிட்டுப் போரும்."

பழவங்காடியில் வைத்து அவரிடம் கேட்டேன், சுடுதண்ணி கொடு என்று சொன்னீர், ஏன் என்று சொல்லவில்லையே.

"காரணம் ஆபீசுக்கு உள்ளதாக்கும்," என்றார்.

போய்விட்டார். கூட்டத்தில் அந்த இறங்கின தோள் கொஞ்ச தூரம் தெரிந்தது.

அறுபது வருஷமாகிறது. அவர் ஒரு சுற்று அளவுக்கு நல்லவர், பத்துச் சுற்று அளவுக்குச் சர்க்கார். இதுதான் என் கணக்கு. சில நாள் இந்தக் கணக்கும் நிற்காது. மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன் என்றாரே, அந்தக் காகிதத்தை நான் பார்த்தேனா? அந்தப் பொட்டலத்தில் இருந்தது இரண்டு இட்லியா, வேறு ஏதாவதா? எங்களுக்காக விட்ட சுற்றுக்குச் சாமி பலன் அடைந்தாரா, சாமிக்காக விட்ட சுற்றுக்கு நாங்கள் தப்பித்தோமா? இன்றைக்கும் தெரியாது. அவர் குடிக்காத தண்ணீரை நாங்கள் குடிப்பதை அவர் தினமும் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது மட்டும் தெரியும்.

பிறகு பிறந்த நாலையும் சீரகத் தண்ணீரில்தான் வளர்த்தேன். இப்போது இந்த அடுக்குமாடியில் பெரிய புட்டியில் தண்ணீர் வருகிறது. பேத்தி கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள், சுத்தம் என்று அதில் எழுதியிருக்கு பாட்டி என்கிறாள். எழுதினவன் குடிக்கிறானா என்று கேட்டேன். சிரிக்கிறாள். நான் அதையும் கொதிக்க வைக்கிறேன்.

இதை எழுத நாற்பது நாள் ஆயிற்று. இனி எழுத ஒன்றும் இல்லை. பேத்திக்குத் தமிழ் எழுத்து அரைகுறை, பள்ளிக்கூடத்தில் மலையாளம்தான். எழுத்துக் கூட்டி எழுதினதை எழுத்துக் கூட்டி வாசிப்பதில் ஒரு குறைவும் இல்லை.

வா மக்களே, இப்படி வெளிச்சத்தில் உட்காரு. முதலிலிருந்து வாசி. பதினொன்று, பத்து என்று சரியாக எழுதியிருக்கிறேனா பார். அந்தச் சுடுதண்ணி வருகிற இடத்தில் மட்டும் பாட்டிக்காக வேகமாகத் தாண்டிப் போய்விடாதே. அங்கே நின்று, நான் சொன்ன பதிலையும் சத்தமாக வாசி.